பதினைந்துக்குப் பதினைந்து: அவசர சிகிச்சைப் பிரிவுக்கு ஸ்கோர் வந்த கதை

இந்த எபிசோட் ஒரு சீட்டுல இருந்து ஆரம்பிக்குது. சின்ன ஆஸ்பத்திரியில இருந்து பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பும்போது கையில ஒரு ரெஃபரல் சீட்டு கொடுப்பாங்க இல்லையா, அதுதான். பேரு, வயசு, என்ன ஊசி போட்டாங்கங்கிற விவரத்துக்கு நடுவுல ஒரு வரி: ஈ2 வி2 எம்5. பக்கத்துல 9/15.

சீட்டுல இருந்தது என் மாமாவோட பேரு. அம்மாவுக்குத் தம்பி. ஊரு திருமலைராயன்பட்டினம். காரைக்கால்ல இருந்து நாகூர் போற வழியில வரும், நாங்க டி.ஆர். பட்டினம்னு சொல்வோம். சம்பாவுல புகையான் விழுந்திருக்குன்னு மாமா காலையிலேயே மருந்தடிக்கப் போயிருக்கார். எங்க பக்கம் பூச்சிக்கொல்லிக்கும் மருந்துன்னுதான் பேரு. முதுகுல மாட்டின ஸ்பிரேயர்ல கசிவு இருந்திருக்கு. சட்டை முழுக்க நனைஞ்ச பிறகும், இன்னும் ரெண்டு டேங்க்தானேன்னு அடிச்சு முடிச்சுட்டுத்தான் கரையேறியிருக்கார். மதியம் வாந்தி, வாய் நிறைய எச்சில், உடம்பெல்லாம் வேர்வை. சாயங்காலம் பேச்சு இல்ல.

நான் சென்னையில இருந்து ராத்திரி பஸ் பிடிச்சுப் போய்ச் சேர்ந்தப்போ, ஐ.சி.யூ. வாசல்ல உட்கார்ந்திருந்த அத்தை அந்தச் சீட்டை நீட்டினாங்க. "நீ இன்ஜினியர்தானே தம்பி. இந்த ஒன்பது நல்ல ஒன்பதா, கெட்ட ஒன்பதா?"

எனக்குத் தெரியல. போன்ல தேடிப் பார்த்து ஏதோ ஒப்பேத்தினேன். அன்னைக்குச் சொல்லியிருக்க வேண்டிய பதில்தான் இந்த எபிசோட்.

எண்ணுக்கு முன்னாடி

அவசர சிகிச்சைப் பிரிவோட அடிப்படைப் பிரச்சினை ரொம்பப் பழசு. பத்து பேர் ஒண்ணா வர்றாங்க, டாக்டர் ஒருத்தர்தான் இருக்கார். யாரை முதல்ல பார்க்கிறது?

இதுக்கு இன்னைக்கும் உலகம் முழுக்கப் புழங்குற வார்த்தை ட்ரியாஜ். பிரெஞ்சு வார்த்தை. தரம் பிரிக்கிறதுன்னு அர்த்தம். கம்பளியையும் காப்பிக் கொட்டையையும் தரம் பிரிக்கிறதுக்குப் பயன்பட்ட சொல் அது. 1954 வரைக்கும் பிரெஞ்சுக்காரங்க கையில இருந்த ஊர்க்காரன் நான். எங்க ஊரை ஆண்டவங்களோட வார்த்தை ஆஸ்பத்திரி வாசல்ல நிக்குதுன்னு தெரிஞ்சப்போ ஒரு சின்ன ஆச்சரியம்.

வார்த்தை எப்ப வந்திருந்தாலும், அந்த வழக்கத்துக்கு நெப்போலியன் படையில அறுவை மருத்துவரா இருந்த டொமினிக் லாரேயைத்தான் முன்னோடியா சொல்வாங்க. அடிபட்டவன் அதிகாரியா, சாதாரண சிப்பாயா, எதிரியான்னு பார்க்காம, காயம் எவ்வளவு மோசமோ அந்த வரிசையில கவனிக்கணும்னார். பெரிய விஷயம்தான். ஆனா "எவ்வளவு மோசம்"னு முடிவு பண்றது அந்த டாக்டரோட கண். அனுபவம் உள்ள கண்ணா இருந்தா சரி. அந்தக் கண்ணு பார்த்ததை அடுத்த டாக்டர்கிட்ட எப்படிச் சொல்றது? அங்கதான் எண் தேவைப்பட்டுச்சு.

அஞ்சு கேள்வி, மூணு கேள்வி

முதல்ல ஜெயிச்ச ஸ்கோர் பிரசவ அறையில இருந்து வந்தது. நியூயார்க்ல மயக்கவியல் மருத்துவரா இருந்த வர்ஜீனியா அப்கார் அதை 1952-ல முன்வெச்சாங்க, 1953-ல அச்சுல வந்தது. பிறந்து ஒரு நிமிஷம் ஆன குழந்தையில அஞ்சு விஷயம் பார்க்கணும்: இதயத் துடிப்பு, மூச்சு, தசையோட விறைப்பு, தொட்டா காட்டுற எதிர்வினை, தோலோட நிறம். ஒவ்வொண்ணுக்கும் 0, 1 இல்ல 2. மொத்தம் 10. மெஷின் எதுவும் வேண்டாம்.

இதுல முக்கியமானது கூட்டல் கணக்கு இல்ல. ஒரு நிமிஷத்துல யாராவது ஒருத்தர் அந்தக் குழந்தையைக் கட்டாயம் உத்துப் பார்த்தே ஆகணும்ங்கிறதுதான். கடைசிக் கட்டத்துல எழுத எண் வேணும்னா, பார்க்காம தப்பிக்க முடியாது.

அடுத்தது 1974. ஸ்காட்லாந்துல கிளாஸ்கோ. கிரகாம் டீஸ்டேல், பிரையன் ஜென்னட்னு ரெண்டு நரம்பு அறுவை மருத்துவர்கள். தலையில அடிபட்டு நினைவில்லாம வர்றவங்களைப் பத்தி அந்தக் காலத்துல டாக்டர்கள் வார்த்தையில எழுதுவாங்க: அரை மயக்கம், ஆழ்ந்த மயக்கம், தூக்கக் கலக்கம். ஒருத்தரோட அரை மயக்கம் இன்னொருத்தருக்கு முழு மயக்கம். ஷிஃப்ட் மாறினா நோயாளி மோசமாயிட்டாரா, எழுதின ஆள் மாறிட்டாரான்னே தெரியாது.

அவங்க கேள்வியை மூணா உடைச்சாங்க. கண் எப்பத் திறக்குது? பேச்சு எப்படி இருக்கு? கை கால் எப்படி அசையுது? இன்னைக்குப் புழக்கத்துல இருக்கிற வடிவத்துல கண்ணுக்கு 4, பேச்சுக்கு 5, அசைவுக்கு 6. மொத்தம் 15. ஒவ்வொண்ணுலயும் குறைஞ்சது 1 உண்டுங்கிறதால, எதுக்குமே அசையாம கிடக்கிறவருக்கும் 3 வந்துடும்.

இப்ப அத்தையோட சீட்டுக்கு வருவோம். ஈ2ன்னா, வலி கொடுத்தா கண் திறக்கிறார். வி2ன்னா, முனகுறார், வார்த்தை வரல. எம்5ன்னா, வலிக்கிற இடத்தைத் தேடிக் கை போகுது. அந்த ஒத்தை வரி ஒரு மனுஷன் படுத்திருந்த விதத்தோட படம். அது தெரிஞ்சிருந்தா அன்னைக்கு அத்தைகிட்ட ஒண்ணு சொல்லியிருப்பேன்: "கிள்ளினா தட்டிவிடப் பார்க்கிறார் அத்தை. மாமா இன்னும் சண்டை போடுறார்."

இன்னொண்ணும் கவனிங்க. அந்த டாக்டர் மூணு எண்ணையும் தனித்தனியா எழுதியிருந்தார். வெறும் 9ன்னு மட்டும் எழுதியிருந்தா அது பல விதமா வந்திருக்கலாம், ஒவ்வொண்ணும் வேற படம். ஒரு தனி நோயாளியைப் பத்தி எழுதும்போது கூட்டுத்தொகையை மட்டும் எழுதக் கூடாதுன்னு டீஸ்டேலே திரும்பத் திரும்பச் சொன்னவர். நம்ம வேலையில லாக் எல்லாத்தையும் தூக்கிப் போட்டுட்டு டேஷ்போர்டுல இருக்கிற ஒரே எண்ணை மட்டும் வெச்சுப் பிழை தேடுற மாதிரிதான் அது.

பிழைப்பாரா?

இதுவரைக்கும் பார்த்த ரெண்டும் "இப்ப எப்படி இருக்கார்"னு சொல்ற எண். "இனி என்ன ஆகும்"னு சொல்றதையே குறிக்கோளா வெச்சு வந்தது அப்பாச்சி. அமெரிக்காவுல வாஷிங்டன்ல வில்லியம் நாஸ் குழு 1981-ல முதல் வடிவத்தைக் கொண்டுவந்தது. 1985-ல வந்த ரெண்டாவது வடிவம்தான் உலகம் முழுக்கப் பரவுச்சு. ரத்த அழுத்தம், காய்ச்சல், ரத்தத்துல ஆக்சிஜன், உப்புகள், சிறுநீரகத்தோட நிலைன்னு 12 அளவுகள், அதோட வயசு, பழைய நோய்கள். மொத்தம் 0-ல இருந்து 71 வரைக்கும். 13 மருத்துவமனைகள்ல ஐ.சி.யூ.வுக்கு வந்த 5,815 பேரோட விவரத்தை வெச்சு அதைச் சோதிச்சாங்க. ஸ்கோர் ஏற ஏற இறப்பும் ஏறுச்சு.

இங்கதான் ஒரு இன்ஜினியரா நான் கொஞ்சம் நிறுத்துவேன். "இந்த ஸ்கோருக்கு இறப்பு வாய்ப்பு 25 சதவீதம்"னா என்ன அர்த்தம்? இதே மாதிரி 100 பேர் வந்தா சுமார் 25 பேர் இறந்திருக்காங்க, 75 பேர் வீட்டுக்குப் போயிருக்காங்க. அவ்வளவுதான். உங்க மாமா அந்த 25-லயா, 75-லயாங்கிறதை அந்த எண் சொல்லவே இல்ல. அது கூட்டத்தைப் பத்தின வாக்கியம். ஒரு ஐ.சி.யூ.வையும் இன்னொண்ணையும் ஒப்பிட, ஒரு சிகிச்சை பலன் தருதான்னு பார்க்க ரொம்ப நல்ல கருவி. வாசல்ல உட்கார்ந்திருக்கிற அத்தைக்குப் பதில் சொல்ற கருவி இல்ல.

எங்க ஊர்க்காரனுக்கு "முன்கூட்டியே சொல்றது"ன்னா காளமேகப் புலவர்தான் ஞாபகத்துக்கு வருவார். திருமலைராயன் அவையில தன்னை அவமானப்படுத்தினாங்கன்னு, இந்த ஊருல மண்மாரி பொழியட்டும்னு அவர் பாடினார், அதனாலதான் ஊரே மண்மேடாச்சுன்னு கதை. சின்ன வயசுல மணல்மேட்டைப் பார்க்கிறப்பல்லாம் யாராவது ஒருத்தர் சொல்வாங்க. வாய்விட்டுச் சொல்லிட்டா பலிச்சே தீரும்ங்கிற பயத்தோட வளர்ந்தவங்க நாங்க. ஐ.சி.யூ. வாசல்ல ஒரு டாக்டர் எண்ணைச் சொன்னா, அதை நாங்க அறம் பாடின மாதிரியே கேட்டுக்கிறோம். அப்பாச்சியோட சதவீதத்தை ஒருத்தரோட விதியா வாசிக்கிறதும் அதே தப்புதான்.

அப்பாச்சிக்கு இன்னொரு சிக்கலும் இருக்கு. அதுக்கு ரத்தப் பரிசோதனை வேணும். முதல் 24 மணி நேரத்துல வந்த மோசமான அளவுகளை எடுத்துப் போடணும். அவசரப் பிரிவு வாசல்ல 24 மணி நேரம் யாருக்கு இருக்கு? அதனால நாடி, மூச்சு, ரத்த அழுத்தம், காய்ச்சல், நினைவுன்னு கட்டில் பக்கத்துலயே பார்க்கிற ஸ்கோர்கள் வந்தது. பிரிட்டன்ல 1997-ல முதல் எச்சரிக்கை ஸ்கோர், 2012-ல நாடு முழுக்க ஒரே அட்டவணையா நியூஸ்ங்கிற ஸ்கோர். அதுல எண்ணோட சேர்த்து வேலையும் எழுதியிருக்கும். 5 வந்தா டாக்டர் சீக்கிரம் வந்து பார்க்கணும், 7 வந்தா அவசரக் குழுவையே கூப்பிடணும். எங்க ஆபீஸ்ல சர்வர் அலாரம் அடிச்சா யார் எழுந்திரிக்கணும்னு எழுதி வெச்சிருக்கிறதுக்கும் இதுக்கும் அமைப்புல வித்தியாசமே இல்ல.

பேராதனையில ரெண்டு டாக்டர்கள்

ஆனா இதெல்லாம் விபத்து, மாரடைப்பு, கிருமித் தொற்றுன்னு அந்த நாடுகள்ல வர்ற நோயாளிகளை வெச்சு உருவானது. நெல்லு விளையுற ஊர்கள்ல வேற ஒரு கூட்டம் அவசரப் பிரிவுக்கு வரும். ஆர்கனோபாஸ்பரஸ் வகைப் பூச்சிக்கொல்லி உடம்புக்குள்ள போனவங்க. அவங்களுக்கான ஸ்கோர் லண்டன்ல இருந்து வரல. கடல் தாண்டி நமக்குப் பக்கத்துல, இலங்கையில கண்டிக்கு அருகே பேராதனையில இருந்து வந்தது.

நிமல் சேனாநாயக்க, லக்ஷ்மன் கரல்லியத்த. இவங்க 1987-ல நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்ல பத்து நோயாளிகளைப் பத்தி எழுதினாங்க. இந்த விஷம் முதல்ல எச்சில், வேர்வை, மயக்கம்னு தாக்கும். அட்ரோபின் ஊசி போட்டு அதைத் தாண்டிடுவாங்க. ஆனா சிலருக்கு ஒண்ணுல இருந்து நாலு நாளுக்குள்ள ரெண்டாவது அலை ஒண்ணு வருது. நினைவு தெளிவா இருக்கும், ஆனா கழுத்துத் தசையும் தோள் தசையும் மூச்சுத் தசையும் தளர்ந்துபோகும். கவனிக்கலைன்னா மூச்சு நின்னுடும். இதுக்கு "இடைநிலை நோய்க்குறித் தொகுப்பு"ங்கிற அர்த்தத்துல பேரு வெச்சாங்க. அதுக்கு முதல் அறிகுறி ரொம்பச் சாதாரணமானது: படுத்திருக்கிறவரால தலையணையில இருந்து தலையைத் தூக்க முடியாது.

1993-ல சேனாநாயக்க, ஜனக டி சில்வா, கரல்லியத்த மூணு பேரும் பேராதனை அளவுகோலை வெளியிட்டாங்க. கண்மணியோட அளவு, மூச்சு வேகம், நாடி, தசைத் துடிப்பு, நினைவு, வலிப்பு. ஆறு விஷயம், மொத்தம் 11. டார்ச் லைட்டும் கடிகாரமும் இருந்தா போதும். விஷம் ரத்தத்துல எவ்வளவு வேலை செஞ்சிருக்குன்னு பார்க்கிற பரிசோதனைக்கு வசதி இல்லாத ஆஸ்பத்திரிக்காகவே செஞ்ச கருவி.

2008-ல இலங்கை நோயாளிகளை வெச்சு ஒரு ஆய்வு வந்தது. விஷத்துக்குன்னே செஞ்ச ஒரு சர்வதேச ஸ்கோரையும் கிளாஸ்கோ ஸ்கோரையும் ஒப்பிட்டாங்க. ரெண்டும் கிட்டத்தட்ட ஒரே அளவு நல்லா கணிச்சது. தலைக்காயத்துக்குச் செஞ்ச மூணு கேள்வி, நெல் வயல் விஷத்துக்கும் வேலை செஞ்சது. 13-ம் அதுக்குக் கீழயும் இருந்தா தீவிரமா கவனிக்கணும்னு சொன்னாங்க. ஆனா கூடவே ஒரு எச்சரிக்கை: எந்த ரசாயனம்னு பார்க்காம ஸ்கோரை மட்டும் நம்பாதீங்க. ஒரு குறிப்பிட்ட ரசாயனத்தால இறந்தவங்கள்ல பாதிப் பேர், வந்து சேர்ந்தப்போ லேசான அறிகுறிகளோடதான் இருந்திருக்காங்க.

மூணாம் நாள்

மாமா ரெண்டாம் நாள் கண் திறந்தார். என்னைப் பார்த்ததும், "மாப்ள, லீவு போட்டுட்டா வந்த?"ன்னார். சாயங்காலம் ரவுண்ட்ஸ் வந்த டாக்டர் சந்தோஷமா சொன்னார்: "பதினைந்துக்குப் பதினைந்து. நாளைக்கு வார்டுக்கு மாத்திடலாம்." அத்தை அன்னைக்குத்தான் சாப்பிட்டாங்க.

மூணாம் நாள் காலையில ஒரு நர்ஸ் வந்தாங்க. வயசானவங்க. சார்ட்ல எல்லா எண்ணையும் எழுதிட்டு, போகப் போன இடத்துல திரும்பி நின்னு, "ஐயா, தலையைக் கொஞ்சம் தூக்குங்க பார்ப்போம்"னாங்க.

மாமா முயற்சி பண்ணார். தலை வரல. சிரிச்சுக்கிட்டே, "அசதியா இருக்கு சிஸ்டர்"னார். அவங்க சிரிக்கல. மாமாவோட மூச்சை ஒரு நிமிஷம் முழுசா எண்ணிட்டு, வேகமா வெளிய போனாங்க.

அந்த நேரத்துலயும் அவரோட ஸ்கோர் பதினைந்து. கண் திறந்திருக்கு, பேச்சு தெளிவா இருக்கு, சொன்னதைக் கேட்டு நடக்கிறார். ஸ்கோர்ல தப்பே இல்ல. அது கேட்ட மூணு கேள்விக்கும் சரியான பதில்தான் வந்தது. நாலாவது கேள்வியை அந்த நர்ஸ் கேட்டாங்க. மூணு மணி நேரத்துல மாமா வென்டிலேட்டர்ல இருந்தார். பதினோரு நாள். பிழைச்சார்.

அந்த டாக்டரைக் குத்தம் சொல்ல நான் இதைச் சொல்லல. அவர் கையில இருந்த எண் நல்ல எண். ஆனா நல்ல எண் வந்ததும் நாம பார்க்கிறதை நிறுத்திடுறோம். என் வேலையிலயும் இதைப் பார்த்திருக்கேன். டேஷ்போர்டு எல்லாம் பச்சையா இருக்கும், கஸ்டமர் போன்ல கத்திக்கிட்டிருப்பார். அப்கார் அம்மா ஸ்கோர் எழுத வெச்சதே ஆளைப் பார்க்க வைக்கத்தான். அதே ஸ்கோர், பார்க்காம இருக்கவும் ஒரு காரணமா மாறிடுது.

இனி

நம்ம நாட்டுல அவசர மருத்துவம் தனித் துறையா அங்கீகாரம் பெற்றதே 2009-லதான். தமிழ்நாட்டுல இப்ப "தாய்"னு கூப்பிடுற விபத்து மற்றும் அவசர சிகிச்சைத் திட்டத்துல, வர்றவங்களைச் சிவப்பு, மஞ்சள், பச்சைன்னு வாசல்லயே பிரிக்கிறாங்க. லாரேயோட யோசனை கடைசியில நம்ம அரசு ஆஸ்பத்திரி வாசலுக்கு வந்திருக்கு. நல்ல விஷயம். பச்சைன்னு ஒட்டினவங்களையும் அரை மணி கழிச்சுத் திரும்பப் பார்க்கிற ஆள் இருந்தா இன்னும் நல்லது.

இலங்கை இன்னொரு பாடமும் சொல்லுது. 2005-ல லான்செட்ல வந்த ஆய்வுல, ஒரே குடும்பத்தைச் சேர்ந்த மூணு பூச்சிக்கொல்லிகளை ஒப்பிட்டாங்க. ஒண்ணுல 100 பேருக்கு 8 பேர் இறந்தாங்க, இன்னொண்ணுல 23 பேர். கூட்டத்தை எண்ணினதால கிடைச்ச உண்மை இது. அந்த நாடு 1995-ல மிக ஆபத்தான வகைகளைத் தடை பண்ணுச்சு, 2008-க்கும் 2011-க்கும் இடையில இன்னும் மூணு. இந்த விஷத்தோட ஆஸ்பத்திரிக்கு வந்த பெரும்பாலானவங்க மாமா மாதிரி விபத்துல மாட்டினவங்க இல்ல, மனசு உடைஞ்ச ஒரு நிமிஷத்துல முடிவெடுத்தவங்க. 1995-ல உச்சத்துல இருந்த இலங்கையோட தற்கொலை விகிதம் 2015-க்குள்ள சுமார் 70 சதவீதம் குறைஞ்சது. பெரும் பங்கு இந்தத் தடைகளுக்குன்னு ஆய்வாளர்கள் சொல்றாங்க. எந்த அவசரப் பிரிவு ஸ்கோராலயும் இவ்வளவு பேரைக் காப்பாத்தியிருக்க முடியாது. கேட்டுக்கிட்டிருக்கிற உங்கள்ல யாருக்காவது மனசு கனமா இருந்தா, 14416-ங்கிற டெலி மானஸ் எண்ணுக்குக் கூப்பிடுங்க. தமிழ்லயே பேசலாம், காசு கிடையாது.

அத்தைக்கு இப்ப பதில் சொல்றேன். ஒன்பது நல்லதும் இல்ல, கெட்டதும் இல்ல அத்தை. அந்த ராத்திரி, அந்த மணிக்கு மாமா எப்படி இருந்தார்ங்கிறது மட்டும்தான். அடுத்த மணிக்கு யாராவது திரும்பவும் வந்து பார்க்கணும், அதுக்குத்தான் எழுதி வெச்சாங்க.

மாமா இப்பவும் வயலுக்குப் போறார். மருந்தடிக்கிற வேலையை மட்டும் அத்தை விட வெச்சுட்டாங்க. நான் ஊருக்குப் போனா, திண்ணையில படுத்திருக்கிறவர் என்னைப் பார்த்ததும் எழுந்திரிக்க மாட்டார். தலையை மட்டும் தூக்கிக் காட்டுவார்.